ஹாம்பர்க் மீன் சந்தையில் ஜெர்மன் பேசிப் பழக எப்போது போகலாம், எந்தக் கடையில் நிற்கலாம்?

நெய்தல்:
வணக்கம். ஜெர்மன் ஏ2 (தொடக்கநிலையின் இரண்டாம் படி) படிக்கிறேன். வரும் ஞாயிறு வகுப்போடு ஹாம்பர்க் மீன் சந்தைக்குப் போகிறோம். ஆளுக்கு மூன்று கடையில் ஜெர்மனிலேயே விலை கேட்டு, ஒரு பொருளாவது வாங்க வேண்டும். எத்தனை மணிக்குப் போனால் நிதானமாகப் பேச முடியும்? அந்த இரைச்சலில் விலை புரியுமா? பேரம் பேசலாமா?

எல்பெக்கரை:
கோடையில் காலை 5 மணிக்கும், குளிர்காலத்தில் 7 மணிக்கும் தொடங்கும். முடிவது எப்போதும் 9:30. கடைக்காரர் ‘ஹால்ப் ட்ஸேன்’ என்பார்; சொல்லுக்குச் சொல் ‘அரை பத்து’, ஆனால் அது ஒன்பதரை. பத்தரை என்று நினைத்துப் போனால் கடையைக் கட்டியிருப்பார்கள். 1703இலிருந்து நடக்கும் ஞாயிறு வியாபாரம் இது. தேவாலய ஆராதனைக்கு முன் முடிய வேண்டும் என்பதால் வந்த நேரக் கணக்கு.

பேசிப் பழகத் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் நல்லது. செடி கடை, மீன் ரொட்டிக் கடை இரண்டிலும் நின்று பேசலாம். லாரி மேல் நின்று கூவுகிற ‘மார்க்ட்ஷ்ரையர்’களைக் கடைசிக்கு வையுங்கள். பழமோ விலாங்கு மீனோ, ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டே விலையை மாற்றாமல் கத்துவார்கள். ஏ2 காதுக்கு அந்த வேகம் எட்டாது. பையை நீட்டும்போது கை தூக்கினால் வாங்குவதாக அர்த்தம். உள்ளே இருப்பதைப் பொறுக்கி எடுக்க விடமாட்டார்கள், அடியில் கனிந்த பழம் இருக்கும்.

வணக்கத்துக்கு ‘மொய்ன்’ போதும், எந்த நேரத்துக்கும் பொருந்தும்.

மீன்கொத்தி:
விலை கேட்பதில் மூன்று இடத்தில் காது ஏமாறும். 25 என்பதை ஐந்தை முன்னால் வைத்து ‘ஃப்யூன்ஃப் உன்ட் ட்ஸ்வான்ஸிஷ்’ என்பார்கள். அவசரத்தில் 52 என்று எழுதிவிடுவோம். 15க்கும் 50க்கும் கடைசி அசையில்தான் வித்தியாசம். இரைச்சலில் ‘ட்ஸ்வை’யும் (2) ‘த்ரை’யும் (3) ஒன்றாகக் கேட்கும் என்பதால் இரண்டை ‘ட்ஸ்வோ’ என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

‘ஐன் ஃபுன்ட்’ என்றால் அங்கே சரியாக 500 கிராம். கேட்கும்போது ‘இஷ் ஹெட்டெ கெர்ன் ஐன் ஃபுன்ட்’ (எனக்கு ஒரு ஃபுன்ட் வேண்டும்) என்று தொடங்கினால் மரியாதையாக இருக்கும். நீங்கள் தடுமாறினால் பலர் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ‘அவுஃப் டாய்ச் பிட்டே, இஷ் லெர்னெ நோஹ்’ (ஜெர்மனில் பேசுங்கள், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் நின்று பேசுவார்கள்.

பேரம்: காலையில் வேண்டாம். 9 மணிக்கு மேல் அவர்களே விலையை இறக்குவார்கள். கடைசி விலை என்ன என்று கேட்பது அங்கே முகம் சுளிக்க வைக்கும். ‘வென் இஷ் ட்ஸ்வோ நேமெ?’ என்று இரண்டாக எடுத்தால் எவ்வளவு எனக் கேளுங்கள்.

கலங்கரை:
1896இல் கட்டிய பழைய ஏலக் கூடத்துக்குள் பேசப் போகாதீர்கள். உள்ளே மேடை இசை, பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. கட்டடத்தைப் பார்க்க மட்டும் போகலாம்.

5, 10 யூரோ நோட்டும் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கடையிலும் கார்டு வாங்க மாட்டார்கள். சனி இரவு முழுவதும் ரயில் ஓடும். ரேப்பர்பான் எஸ்-பான் (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி ஆற்றை நோக்கி நடக்கலாம்; லாண்டுங்ஸ்ப்ருக்கனில் இறங்கினால் கரையோரமாக மேற்கே சுமார் 15 நிமிடம்.

இலையுதிர், குளிர்காலம் என்றால் முந்தின இரவே புயல் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். வடமேற்குக் காற்று வட கடல் நீரை எல்பெ ஆற்றுக்குள் தள்ளும்போது சந்தைத் திடலே மூழ்கும், கடை போட மாட்டார்கள்.