ஒன்ராறியோவில் பாவித்த கார்: டபிள்யூஆர்எக்ஸா, கோல்ஃப் ஜிடிஐயா?

கேள்வி: ஜி லைசென்ஸ் (முழு லைசென்ஸ்) எடுத்தாச்சு. 2016–2019 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இரண்டில் எதை எடுக்கலாம்? இரண்டு வயதுப் பிள்ளை இருக்கு, இதுதான் முதல் பனிக்காலம்.

பதில்: காரைப் பார்க்கப் போக முதல், விளம்பரத்தில் இருக்கிற வின் நம்பரை (காரின் அடையாள இலக்கத்தை) கொடுத்து இரண்டுக்கும் காப்புறுதி விலை கேளுங்கோ. ஊரில் ஓட்டிய அனுபவத்துக்குக் கடிதம் இருந்தால் அதையும் காட்டுங்கோ. புதிதாக வந்தவர்களுக்கு மாதக் காப்புறுதிதான் கையைக் கடிக்கும்.

இரண்டிலும் 2.0 லீட்டர் டர்போ, முறுக்குவிசை (இழுவை) இரண்டிலும் 350 நியூட்டன் மீட்டர். டபிள்யூஆர்எக்ஸுக்கு 268 குதிரைவலு, மணிக்கு 100 கிலோமீட்டரை 5.5 செக்கன் அளவில் தொடும். ஜிடிஐக்கு 2016இல் 210, 2019இல் 228. ஆறு செக்கனுக்கு மேல் எடுக்கும். ஆனால் ஜிடிஐயின் இழுவை எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே வந்துவிடும், அதனால் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஓட்டத்தில் அது பின்தங்காது. பெற்றோலும் குறைவு: 100 கிலோமீட்டருக்கு எட்டரை லீட்டர் அளவு, டபிள்யூஆர்எக்ஸுக்கு பத்துக்கு மேல், அதுவும் 91 ஒக்டேன் (பிரீமியம்) பெற்றோல் கட்டாயம். பின்கதவு முழுதாகத் திறக்கும் ஜிடிஐயில் பிள்ளையின் தள்ளுவண்டி சுலபமாக ஏறும்.

டபிள்யூஆர்எக்ஸ் போல நாலு சில்லும் இழுத்தால் பனிக்குப் பயமில்லை என்று சொல்வார்கள். நம்பாதையுங்கோ. அது புறப்படத்தான் உதவும், பிரேக் பிடிக்க உதவாது. வின்டர் ரயர் போட்ட ஜிடிஐ, ஓல்-சீசன் ரயர் போட்ட டபிள்யூஆர்எக்ஸை விடக் கிட்டத்தில் நிற்கும். வின்டர் ரயருக்குக் காப்புறுதிக் கழிவும் கேளுங்கோ.

பதில்: பரிசோதனைக்கு எஞ்சின் குளிர்ந்திருக்க வேணும். நீங்கள் வர முதலே விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கோ.

ஜிடிஐயில் முதலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிராக்கும் திரவம்) அளவைப் பாருங்கோ. இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காற்றுப் போகிற குழாய்க்கூட்டுக்கு) கீழே வோட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். சூட்டில் அது வளைந்து கசியும். டோர்ச் அடித்தால் ரோஸ் நிறப் படிவு தெரியும், இனிப்பு மணமும் வரும். ஆறு கியர் டிஎஸ்ஜி (வொக்ஸ்வாகனின் ஓட்டோமெற்றிக்) என்றால் 60,000 கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒருமுறை கியர் ஒயிலும் ஃபில்டரும் மாற்றிய பில் வேணும்.

மனுவல் கியர் டபிள்யூஆர்எக்ஸை நாலாம் கியரில் 60 வேகத்தில் வைத்து முழுதாக மிதியுங்கோ. சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. நியூட்ரலில் கீச்சென்று கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் கிளட்சின் ரிலீஸ் பேரிங் அல்லது கியர்பெட்டிப் பேரிங் தேய்ந்திருக்கலாம். நாலு ரயரும் ஒரே மொடலா, தேய்மானம் ஒன்றா என்று பாருங்கோ. சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடு டிஃபரென்ஷியல் (முன், பின் சில்லுகளுக்கு வலுவைப் பிரிக்கும் பகுதி) ஓயாமல் வேலை செய்து சூடாகிக் கெடும். ஒரு ரயர் வெடித்தால் சிலநேரம் நாலும் வாங்கவேண்டி வரும்.

மாற்றம் செய்த டபிள்யூஆர்எக்ஸை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். டர்போக் காற்றை வெளியே விடுகிற வால்வு போட்டிருந்தால், சென்சர் அளந்த காற்று எஞ்சினுக்குப் போகாமல் பெற்றோல் கூடிப்போகும். டியூனை (வலுவைக் கூட்ட மாற்றிய எஞ்சின் மென்பொருளை) அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு: ஓபிடி ஸ்கானரில் (காரின் கணினியைப் படிக்கும் கருவியில்) ரெடினஸ் மொனிற்றர்கள், அதாவது காரின் சுயசோதனைகள், முடியாமல் நின்றால், பிழைக் கோட் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம். இரண்டு காருமே டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பாயும்), வால்வில் கரி படியும். அதைத் துப்புரவாக்கக் காசு ஒதுக்குங்கோ. அடிப்பாகத்தில் உப்புத் துருவையும் பாருங்கோ.

பிள்ளை இருக்கிறபடியால், பில்லோடு இருக்கிற மாற்றாத ஜிடிஐதான் என் தெரிவு.

பதில்: தனியாரிடம் வாங்கினால் யூவிஐபி (பாவித்த வாகனத் தகவல்) பொதியை விற்பவரே தர வேணும். வரி 13 சதவீதம், அதுவும் வாங்கிய விலை, ரெட் புக் (பாவித்த கார் விலைப் பட்டியல்) மொத்த விலை இரண்டில் எது கூடவோ அதுக்கு. அதனால் ரசீதில் குறைத்து எழுதிப் பயனில்லை. சேஃப்டி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும், திகதியைப் பாருங்கோ. காரில் கடன் நிலுவை இருக்கா என்றும் பார்த்தபின் காசைக் கொடுங்கோ.