மலைக் கிராமத்தில் மருந்துக் கடை திறக்கும் முன் ஊராரிடம் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

கேள்வி கேட்டவர்: நாகலூர்ச் சாலை

அனைவருக்கும் வணக்கம். நான் பி.பார்ம் முடித்து, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு பெற்று, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் சில ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் சாலையோரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் முன்பகுதியில் சில்லறை மருந்துக் கடை தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்ற விதிக்கு அந்த அறை தாராளமாகப் போதும். படிவம் 19-இல் விண்ணப்பித்து 20, 21 ஆகிய படிவங்களில் உரிமம் பெறும் நடைமுறையும் எனக்குத் தெரியும் என்பதால், அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை.

விண்ணப்பிப்பதற்கு முன் சுற்றுப்பக்கத்து ஊர்க்காரர்களிடம் கலந்து பேச வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டிலோ, "கடை வேண்டுமா என்று கேட்டால் எவன் வேண்டாம் என்பான்? வீண் அலைச்சல்" என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்து, அது விற்காமல் காலாவதியாகும் வரை அடுக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் துணிவில்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். எந்த மாதிரியான கேள்விகளைக் கேட்டால் மரியாதைக்காகச் சொல்லும் "ஆமாம்" என்பதைத் தாண்டி உண்மையான பதில் கிடைக்கும்? கிராம சபையில் வைத்துக் கேட்பது சரியா, அல்லது வீடு வீடாகப் போவது நல்லதா? பக்கத்துச் சிற்றூர்களில் பெட்டிக்கடைகளிலேயே காய்ச்சல் மாத்திரை விற்கிறார்கள். அவர்களிடமும் பேச வேண்டுமா?

பதில் 1: அம்மாப்பேட்டை மருந்தாளுநர்

சகோதரி, கேட்க வேண்டும் என்று நினைத்ததே நல்லது. சட்டப்படி உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 1945-ஆம் ஆண்டு விதிகளும் இடம், சேமிப்பு வசதி, பதிவு பெற்ற மருந்தாளுநர் ஆகியவற்றைப் பார்க்கின்றனவே தவிர, அந்த ஊருக்குக் கடை தேவையா என்று ஊராரிடம் கேட்டு வரச் சொல்லவில்லை. எனவே நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை, தகவல் கேட்கப் போகிறீர்கள். இந்த வேறுபாட்டைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், "நாங்கள் சம்மதித்ததால்தானே கடை வந்தது" என்ற பிற்காலப் பேச்சுக்கு இடமிருக்காது.

உங்கள் வீட்டார் சொல்வது சரியே, "கடை வந்தால் வாங்குவீர்களா?" என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. வருவதைப் பற்றிக் கேட்காமல் நடந்ததைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாக வீட்டில் யாருக்கு மருந்து வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள், போய்வர எவ்வளவு செலவானது, அன்றைய கூலி போயிற்றா, சீட்டில் எழுதியதில் எதை வாங்காமல் விட்டீர்கள் என்று கேட்டால், மனிதர்கள் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் பகுதி தறிக்காரர்கள் பத்து நாள் மாத்திரைக்குச் சீட்டு வைத்துக்கொண்டு மூன்று நாளைக்கு மட்டும் வாங்கிப் போவார்கள். மீதி சனிக்கிழமை கூலி வந்த பிறகுதான். "மருந்து வாங்கினீர்களா?" என்று கேட்டால் "வாங்கினோம்" என்றே சொல்வார்கள். மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னால்தான் கத்தரித்த ஓரம் தெரியும். மலையிலும் தோட்டக்கூலி வாராவாரம் வருகிறதென்றால் இதே கதையாகத்தான் இருக்கும். அட்டையை வெட்டிக் கொடுப்பதாக இருந்தால், தொகுதி (பேட்ச்) எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைக் கடைசி வரை கடையிலேயே நிறுத்தி வைக்கும் பழக்கம் தேவைப்படும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

நேரத்தைப் பற்றிக் கேட்கும்போது எச்சரிக்கை வேண்டும். "இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கலாம்?" என்று கேட்டால் பதினொன்று என்பார்கள். உங்கள் செலவு அவர்களுக்குத் தெரியாது. மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் நேரமெல்லாம் பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருந்தாக வேண்டும். காலை எட்டு முதல் இரவு பதினொன்று வரை நீங்கள் ஒருவரே நிற்க முடியாது. இரண்டாவது மருந்தாளுநரை மலைக்கு வரவழைத்துச் சம்பளம் கொடுக்க அந்த வியாபாரம் தாங்காது. ஆகவே, "காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் நான்கு மணி நேரமும் திறந்தால், எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவரும்?" என்று உங்களால் முடிந்ததைச் சொல்லிவிட்டு அதற்குள் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

விலையைப் பற்றிய பேச்சு நீங்கள் எடுக்காமலேயே வரும். சேலத்தில் 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகை தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளுக்கு உச்சவரம்பைக் கணக்கிடும்போது சில்லறை வணிகருக்கென்று வைப்பது 16 சதவீதம்தான் என்பதையும், எல்லாவற்றுக்கும் ஒரே தள்ளுபடி கொடுக்க இயலாது என்பதையும் அப்போதே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. கடன் கொடுப்பீர்களா, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பீர்களா, ஊசி போடுவீர்களா என்ற மூன்றும் வந்தே தீரும். கூட்டத்தில் நல்ல பெயர் எடுப்பதற்காகத் தலையாட்டிவிடாதீர்கள்.

பதில் 2: காப்பித்தோட்டத்து ஆள்

நான் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன். மேலே ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் யாரிடம் கேட்பது என்பதில் மலைக்கென்று சில சங்கதிகள் உண்டு.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது பகலில் வீடு வீடாகப் போனால் கிழவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள், மற்றவர்களெல்லாம் தோட்டத்தில் இருப்பார்கள். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் போக வேண்டும். மற்ற மாதங்களில் நூறு நாள் வேலை நடக்கும் இடமும், ரேஷன் கடை வரிசையும், மகளிர் குழு கூடும் நாளும் கிராம சபையை விட நன்றாகப் பயன்படும். கிராம சபையில் பேசுபவர்கள் எப்போதும் பேசுபவர்களே. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருசக்கர வாகனம் இருக்கும். ஏற்காட்டுக்குப் போய் மருந்து வாங்கிவர அவர்களுக்குச் சிரமமில்லை. மலையாளிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போகும்போது முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்து வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு, பிறகு பெண்களிடம் தனியே பேசுங்கள். மருந்து கொடுப்பதும் கணக்கு வைத்திருப்பதும் அவர்கள்தான்.

இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்களும் மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டுதான் மலையேறுவார்கள். நகரத்துக் கடையில் நாள்தோறும் ஓடும் சுகர், பிரஷர் மாத்திரைகளை நம்பி நீங்கள் கணக்குப் போட்டால் இங்கே தப்பாகிவிடும். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், இன்ஹேலர், தோலுக்கான களிம்பு, காயத்துக்குக் கட்டுத் துணி, நாப்கின், இவைதான் எங்கள் வீட்டில் அவசரத்துக்குத் தேடியவை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மருந்து கேட்டும் கண்டிப்பாக வருவார்கள்; அதற்கென்று தனி அலமாரி வைக்க வேண்டும் என்று ஒரு கடைக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தயவுசெய்து நோட்டில் பெயருக்கு எதிரே நோயை எழுதாதீர்கள். சின்ன ஊர். யாருக்குக் காசநோய், யார் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார் என்பது ஒரு தாளில் இருந்தால் அது எப்படியும் வெளியே போய்விடும். அதற்குப் பிறகு அந்த வீட்டார் உங்கள் கடைப் பக்கமே வர மாட்டார்கள். ஊரின் பெயரும், எந்த வகை மருந்து என்பதும் மட்டும் போதும். கடைக்கு முன்னாலேயே பேருந்து நிற்குமானால், கவுண்ட்டரை எங்கே போடுவது என்றும் பெண்களிடம் கேளுங்கள். பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தின் எதிரில் நின்று சில பொருட்களைக் கேட்க அவர்களால் முடியாது.

பதில் 3: ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்

கிராம சபையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அங்கே போய் எழுந்து நின்று, "இன்ன இடத்தில் மருந்துக் கடை தொடங்கும் எண்ணம் இருக்கிறது, உங்கள் தேவைகளை என்னிடம் சொல்லுங்கள்" என்று அறிவிப்பது நல்லதே. ஆனால் தீர்மானம் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். மருந்து உரிமத்துக்கு அந்தத் தீர்மானம் தேவையில்லை. அதோடு, தீர்மானம் என்று வந்துவிட்டால் கட்டடத் தகராறு, பழைய தேர்தல் பகை எல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். உதவப் போவதில்லை என்று தெரிந்த ஒரு தாளுக்காக எதிர்ப்பைச் சம்பாதிப்பானேன்?

மருந்து வணிகர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்கும் கலங்க வேண்டியதில்லை. அப்படிச் சான்று கேட்டுக் கட்டாயப்படுத்துவது போட்டியைத் தடுப்பதாகும் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2013-இலேயே ஆணையிட்டிருக்கிறது. இருந்தாலும், ஏற்காட்டில் ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. உங்களிடம் ஒரு மருந்து இல்லாத நாளில் அவர்களிடம்தானே ஆளை அனுப்புவீர்கள்!

கேள்வி கேட்டவர்: நாகலூர்ச் சாலை

மூவருக்கும் நன்றி. நோயின் பெயரை எழுதாமல் விடுவது என்பது எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. நான் தயாரித்த படிவத்தின் முதல் வரியே அதுதான். அதை நீக்கிவிட்டு, "கடைசியாக வாங்கிய மருந்து" என்பதிலிருந்து தொடங்குகிறேன். பெட்டிக்கடைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? என்னிடமிருந்தே மொத்தமாக வாங்கிக்கொள்ளச் சொன்னால் அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று நினைக்கிறேன். குளிர்பதனப் பெட்டி பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

பதில் 4: அம்மாப்பேட்டை மருந்தாளுநர்

அந்த எண்ணம் மட்டும் வேண்டாம், சகோதரி. 1945-ஆம் ஆண்டு விதிகளில் விலக்குகளைச் சொல்லும் அட்டவணை கே-யின்படி, ஆயிரம் பேருக்கு மேற்படாத மக்கள்தொகை உள்ள கிராமத்தில் பாராசிட்டமால், கிரைப் வாட்டர், வலித்தைலம், பஞ்சு போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமல் விற்கலாம். ஆனால், உரிமம் பெற்ற மொத்த விற்பனையாளரிடமோ உற்பத்தியாளரிடமோ வாங்கியதாக இருக்க வேண்டும். பிரிக்காத பொதியாகவே விற்கவும் வேண்டும். உங்களிடம் இருக்கப் போவது சில்லறை உரிமம் என்பதால், அவர்களுக்கு விற்பனைக்காகக் கொடுத்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. வாரத்தில் என்ன மாத்திரை எவ்வளவு போகிறது, எதைக் கேட்டு வந்தவர்களை இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஊரில் அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பாமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லும்படி அவரிடம் அப்போதே பேசி வைக்கலாம்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மின்சாரம் எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதை ஊராரிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தப் பகுதி லைன்மேனிடமே கேட்டு, அதற்கேற்ற இன்வெர்ட்டரை வாங்குங்கள். பெட்டிக்குள் வெப்பமானி வைத்து, காலையிலும் மாலையிலும் அளவைக் குறித்து வாருங்கள். உங்கள் பகுதியில் இன்சுலின் போடுபவர்கள் மிகக் குறைவு என்று விசாரணையில் தெரிந்தால், முதல் ஆறு மாதத்துக்கு அதை இருப்பு வைக்காமல், சொன்னால் சேலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைத்துத் தருவதாகச் சொல்லிக்கொள்ளலாம்.