ஈயம் இறங்கும்வரை தாடை ஆபரேஷனைத் தள்ளலாமா?

மண்டபத்துக்காரன்:
பல் டாக்டர் கையில் கண்ணாடியைக் கொடுத்து கீழ் ஈறைப் பார்க்கச் சொன்னார். பல்லை ஒட்டி, நகத்தால் சுரண்டியும் போகாத கருநீலக் கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. "என்ன தொழில்?" என்றார். வலைக்கு ஈயக் குண்டு வார்க்கிறோம் என்றேன். பழைய பேட்டரித் தகட்டை இரும்புச் சட்டியில் போட்டுக் கொல்லையிலேயே உருக்குவது, தெரியும்தானே.

நான் போனது தாடை வீக்கத்துக்கு. முளைக்காத கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்புக்குள் நீர்க்கட்டி. ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 68 மைக்ரோகிராம், ஹீமோகுளோபின் 9. மதுரையில் ஒரு டாக்டர் உடனே எடுக்கச் சொன்னார். இன்னொருவர், "சீழ் இல்லை, எலும்பு உடையும் நிலையிலும் இல்லை. ஈயத்தை வெளியேற்றுகிற சக்சிமர் மாத்திரை 19 நாள் முடியட்டும். அந்த மருந்தில் வெள்ளையணு குறையலாம், அப்போது எலும்பை வெட்டவேண்டாம்" என்றார். மாத்திரை டப்பாவைத் திறந்தாலே அழுகின முட்டை நாற்றம். முடித்ததும் 26. சந்தோஷமாகத் தேதி கேட்கப் போனேன். 2 வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் என்றார்கள். பார்த்தால் 41! எலும்பில் உட்கார்ந்த ஈயம் ரத்தத்துக்குத் திரும்பி வருமாம். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றது இன்னும் மறக்கவில்லை. கட்டி வளர்ந்துகொண்டே இருக்குமே என்ற பயம்தான். உங்களில் யாராவது இப்படிக் காத்திருந்தீர்களா?

தொண்டி அக்கா:
அண்ணே, நீங்கள் காத்திருந்தது சரி. ஆனால் அதை எல்லோருக்கும் பொருத்திவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் படகில் பழைய பெயின்ட் சுரண்டுகிறவர். அவருக்கும் ஈயம், அவருக்கும் மருந்து. கடைவாய்ப் பல்லில் சீழ் இருந்தது. கோர்ஸ் முடியட்டும் என்று நாங்களாகவே தள்ளினோம், எந்த டாக்டரும் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி வாய் திறக்கவில்லை, எச்சில் இறங்கவில்லை, தாடைக்கு அடியில் தொட்டால் பலகை மாதிரி. 108-இல் ராமநாதபுரம் கொண்டுபோய், அன்றைக்கே கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். சீழ் என்றால் ஈயக் கணக்கு பார்க்கக் கூடாது.

கீழக்கரை தம்பி:
எனக்குக் கீழ்த்தாடை உள்வாங்கியது. உலோகக் கழிவு நீக்கம் செய்கிறோம் என்ற ஒரு இடத்தில் 8 மாதம் ட்ரிப் ஏற்றினார்கள். "எண் இறங்கட்டும்" என்றே தாடை ஆபரேஷன் தள்ளிக்கொண்டு போனது. அப்புறம் சாதாரண ரத்தப் பரிசோதனையில் எல்லாமே சரி! அவர்கள் காட்டிய எண் மருந்து கொடுத்தபின் எடுத்த சிறுநீரில் வந்தது. அப்படி எடுத்தால் யாருக்கும் எண் ஏறும், அதை ஒப்பிட அளவுகோலே கிடையாது.

மண்டபத்து அண்ணே, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் அந்த அடுப்பை நிறுத்துங்கள். ஈயம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்போது மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை. உருக்கின உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள், தனியாகத் துவையுங்கள். கொல்லையைப் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தால் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும், கீரையும் மீனும் விடாதீர்கள். கொத்தமல்லிச் சாறு குடித்தால் போதும் என்பார்கள், அதை நம்பி மருந்தை விடவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகளுக்கு ரத்தம் பாருங்கள். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைப்பது அவர்கள்தான். ஆபரேஷன் செய்கிறவரையும் ஈயத்துக்கு மருந்து தருகிறவரையும் ஒரு போனிலாவது பேசவையுங்கள். எனக்கு அது நடக்கவே இல்லை.

மண்டபத்துக்காரன்:
தங்கச்சி, சீழ் விஷயம் சரிதான், நான் எழுதாமல் விட்டது தப்பு. தம்பி, அடுப்பை இடித்தாச்சு. இரண்டாவது கோர்ஸ் முடிந்து 2 வாரமும் தாண்டி 29-இல் நின்றது, ஹீமோகுளோபின் 11. அப்புறம்தான் கட்டியை எடுத்தார்கள். சின்னவளுக்குப் பார்த்ததில் 22. இப்போது ராத்திரி அவள் தூங்கினதும் உதட்டை விலக்கி, போன் வெளிச்சத்தில் ஈறைப் பார்க்கிறேன். கோடு இல்லை.