மறு: 'நனவு' போதுமா? 'உற்றுணர்வு' என்னும் பரிந்துரை

> நனவிலி (unconscious), நனவோடை (stream of consciousness) எல்லாம் வழக்கில் நிலைத்துவிட்டன. விலங்கு, எந்திரம் பற்றி எழுதும்போதும் 'நனவு' போதாதா?

போதாது. வலி, அச்சம் போன்றவற்றை உள்ளுக்குள் அனுபவிக்கும் தன்மைக்குத்தான் சொல் தேடுகிறோம். நனவு கனவுக்கு எதிர்ச்சொல். கனவில் புலி துரத்தினாலும் அச்சம் அச்சம்தான். அனுபவம் உண்டு, நனவு இல்லை. மூளை பாதிப்புக்குப் பின் கண் திறந்து கிடக்கும் நோயாளியிடமோ விழிப்பு உண்டு. அனுபவம் உண்டா என்பதே கேள்வி.

நுண்ணறிவிலிருந்தும் இதைப் பிரித்தாக வேண்டும். 1970களில் உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் ஆராய்ந்த டி.பி. (D.B.) என்ற நோயாளிக்கு, மூளையில் பார்வையைக் கையாளும் பார்வைப் புறணியை ஒரு பக்கத்தில் அறுவையில் நீக்கியிருந்தார்கள். பார்வைப் புலத்தின் எதிர்ப்பாதியில் எதுவும் தெரியவில்லை என்றார். ஊகித்தாவது காட்டச் சொன்னால், ஒளிப்புள்ளி இருந்த இடத்தைத் தற்செயலுக்கு மிஞ்சிய அளவில் சரியாகவே காட்டினார். தகவல் உள்ளே போய் வேலை செய்திருக்கிறது; கண்ட அனுபவம்தான் இல்லை. சதுரங்க வீரர் காஸ்பரோவை 1997இல் வென்ற டீப் புளூ கணினியின் ஆட்டத்திறனும் அப்படித்தான், அதற்குள் அனுபவம் உண்டென்று காட்டாது.

அனுபவம் உண்டு என்னும் பக்கத்துக்குத் துறவி நண்டு ஒரு சான்று. மின்னதிர்ச்சி பட்டால், தான் குடியிருக்கும் காலிச் சங்கின் ஓட்டை விட்டு வெளியேறும். விருப்பமான ஓடாக இருந்தால் இன்னும் கூடுதலான அதிர்ச்சி வரை தாங்கும். வெறும் அனிச்சைச் செயலில் இந்தப் பேரத்தை எதிர்பார்க்க முடியாது. முடிந்த முடிவல்ல, ஆனால் புறந்தள்ளவும் முடியாது.

மாற்றுச் சொற்களைப் பார்த்தால், 'உணர்திறன்' ஒலிவாங்கிக்கும் பொருந்துகிறது. 'துய்ப்பு' இன்பத்தின் பக்கம் சாய்கிறது. உறுதல் என்றால் நேர்தல். தனக்கு நேர்வதை உணர்வது உற்றுணர்வு. உற்றுணரும் உயிரி, உற்றுணர்வற்ற எந்திரம் என்று தடையில்லாமல் விரிகிறது.

---

> உறுதல் என்றால் நேர்தல்

ஏற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. 'உற்று நோக்கு' என்ற பழக்கத்தால் வாசகர் இதைக் கூர்ந்த கவனம் என்று படிக்கக்கூடும். கவனமோ தகவல் செயலாக்கம். நாம் விலக்க நினைப்பதே அதைத்தான். தொல்காப்பியத்தின் 'உற்றறிவது' தொடுபுலனைக் குறிப்பதால் அதைத் துணைக்கு அழைக்கவும் முடியாது. தொடுதிரையும் தொடுகையை அறிகிறது. எனவே சொல் முதலில் வரும் இடத்தில் 'அனுபவிப்பவருக்கே உரிய அகநிலை' என்று விளக்கம் தந்து, சொல்லை எப்போதும் சேர்த்தே எழுதுவோம்.

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று விலங்கு அறிகிறதா எனப் பார்க்கும் கண்ணாடிச் சோதனையை, நம் கலைச்சொற்பட்டியலில் 'தன்னுணர்வு' என்ற பதிவின்கீழ் வையுங்கள். தன்னை அடையாளம் காணாத விலங்குக்கும் வலி இருக்கலாம்.

மொழி மாதிரிகளுக்கான (எழுத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள்) பதிவில் ஓர் எச்சரிக்கை வேண்டும்: அவை மனிதர் எழுதியவற்றில் பயின்றவை. 'வலிக்கிறது' என்று அவை எழுதுவதை மட்டும் வைத்து உற்றுணர்வு உண்டென்று கொள்ளக்கூடாது.