100 பந்துப் போட்டியால இங்கிலாந்துக் கிரிக்கெட்டுக்கு நன்மையா, நட்டமா? நாங்க வைக்க முதல் கேக்கிறன்

கல்லடி_வடக்குமுனை:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில ஓகஸ்ட் மாதம் கழகங்களுக்கு இடையில வைக்கிற 50 ஓவர் கடினப்பந்துப் போட்டியை விட்டிட்டு, 100 பந்துப் போட்டியா மாத்துவம் எண்டு ஒரு கதை அடிபடுது. மாத்தச் சொல்ற ஆக்கள் எல்லாருக்கும் காரணம் ஒண்டுதான்: "இங்கிலாந்துக்காரனே 2021ல இருந்து 'ஹண்ட்ரட்' எண்டு 100 பந்துப் போட்டி வைக்கிறான், சனமும் வருது, காசும் வருது."

சனம் வாறது வேற, கிரிக்கெட் வளருறது வேற எண்டுதான் எனக்குப் படுது. அந்தப் போட்டியால அங்க எதுக்கு நன்மை வந்தது, எது கெட்டது? வந்த நன்மையும் 100 பந்து எண்ட வடிவத்தாலயா, இல்லாட்டி வேற ஏதும் செய்ததாலயா? விசயம் தெரிஞ்ச ஆக்கள் கணக்கோட சொல்லுங்க. கூட்டத்தில வைச்சுப் பேசணும்.

---

சாய்ந்தமருது_பேரேடு:

தம்பி, முதல்ல காசைப் பாப்பம். மற்ற எல்லாம் அதுக்குப் பின்னாலதான் வருது.

அங்க முதல்தரக் கவுண்டி, அதாவது மாவட்டம் மாதிரிப் பிரதேச அணி, 18. ஹண்ட்ரட்டில 8 அணிதான், அதுவும் பெரிய மைதானங்களில. மிச்சக் கவுண்டிகள் சம்மதிக்க வேணும் எண்டதுக்காக ஒவ்வொரு கவுண்டிக்கும் வருசம் 13 இலட்சம் பவுண் கொடுத்தாங்க. சின்னக் கவுண்டிக்கு அது சின்னக் காசில்ல. சம்பளம் கொடுக்க, ஆடுகளம் பராமரிக்க எண்டு அந்தக் காசை நம்பித்தான் சில கவுண்டி ஓடினது.

பெரிய காசு வந்தது 2025ல. இங்கிலாந்து கிரிக்கெட் சபை ஒவ்வொரு அணியிலயும் 51 வீதத்தை மைதானத்துக்காரருக்கு சும்மா கொடுத்திட்டு, 49 வீதத்தை வித்தது. 8 அணிக்கும் சேத்து விழுந்த பெறுமதி கிட்டத்தட்ட 97 கோடி 50 இலட்சம் பவுண். கைக்கு வந்தது 52 கோடிக்கு மேல. லோர்ட்ஸ் மைதானத்து லண்டன் ஸ்பிரிட்டுக்கு மட்டும் 29 கோடி 50 இலட்சம் மதிப்பு. லீட்ஸில யோர்க்ஷயர் தன்ர 51 வீதத்தையும் சேத்து வித்ததால, அந்த அணி முழுக்கவே சன் குழுமத்துக்குப் போயிட்டு. நம்மட வீடுகளில பொழுதுபட்டா நாடகம் ஓடுற அதே சன் ரீவிக்காரர்தான். அணிக்கும் இப்ப சன்ரைசர்ஸ் லீட்ஸ் எண்டு பேர்.

49 வீதம் வித்த காசில பத்தில ஒரு பங்கு ஊர்க் கழகக் கிரிக்கெட்டுக்கு. மிச்சம் 18 கவுண்டிக்கும் லோர்ட்ஸ் மைதானச் சொந்தக்காரரான எம்சிசிக்கும். அணி இல்லாத 11 கவுண்டிக்கும் கொஞ்சம் கூட. கடனில கிடந்த கவுண்டிகள் மூச்சு விட்டது இதாலதான். அந்த அளவில இது பெரிய நன்மை, மறுக்க ஏலாது.

ஆனா இது வயல் வித்த காசு, வெள்ளாமைக் காசில்ல. ஒருக்காத்தான் வரும். கடனை அடைச்சு, விளக்குக் கம்பம், பயிற்சிக் கூடம் எண்டு போட்டவனுக்கு நிக்கும். சம்பளத்துக்குப் போட்டவனுக்கு ரெண்டு மூணு போகத்தில முடிஞ்சிடும். இன்னொண்டும் இருக்கி: ஆரை எடுக்கிற, அணிக்கு என்ன பேர் வைக்கிற எண்டதில இனி வாங்கினவன்ர சொல்லுக்கும் பாரம் இருக்கும்.

---

இடதுகைச்_சுழல் (ஏறாவூர்):

சாய்ந்தமருதுக் காக்காட கணக்கு சரி. நான் மைதானத்துக்குள்ள நடக்கிறதைச் சொல்றன்.

அங்க கிரிக்கெட் பருவம் ஏப்ரலில இருந்து செப்டெம்பர் கடைசி வரை. வெயில் பிடிச்சு ஆடுகளம் காயிறது யூலை, ஓகஸ்டில. சுழல் திரும்புறதும், துடுப்பாட்டக்காரன் நிண்டு ஆடிப் பழகிறதும் அந்த ரெண்டு மாதத்திலதான். ஓகஸ்ட் இப்ப ஹண்ட்ரட்டுக்குப் போயிட்டு. நாலு நாள் கவுண்டிப் போட்டியில பெரும்பங்கு ஏப்ரல், மே, செப்டெம்பர் எண்டு ஒதுங்கிட்டு. அந்த நேரம் ஆடுகளத்தில ஈரம் இருக்கும். மணிக்கு 120 கிலோமீற்றரில பந்துத் தையலை நேரா வைச்சுப் போட்டாலே விக்கெட் விழும். அப்ப 145ல போடுறவனையும், விரலால திருப்புறவனையும் கப்டன் என்னத்துக்குத் தேடுவான்? நாலு நாள் ஆட்டத்தில ஒரு சுழல்காரன் அஞ்சு ஓவர் போட்டிட்டு எல்லைக்கோட்டில நிக்கிறது இதாலதான்.

அதைவிட நேரா அடி விழுந்தது 50 ஓவர் ஆட்டத்துக்கு. 2021ல இருந்து கவுண்டிகளுக்கான ஒருநாள் கிண்ணம் ஹண்ட்ரட் நடக்கிற அதே கிழமைகளில நடக்குது. 8 அணிக்கும் போற உள்நாட்டு ஆக்கள் கிட்டத்தட்ட நூறு பேர். நாட்டிலயே திறமான அந்த நூறு பேரும் 50 ஓவர் ஆடுறதே இல்ல. 2019 உலகச் சம்பியன், 2023ல 9 ஆட்டத்தில 3ஐ மட்டும் வெண்டு 7ஆம் இடம். பெங்களூரில நம்மட பொடியன்கள் அவங்களை 33.2 ஓவரில 156க்குச் சுருட்டினது ஞாபகம் இருக்கும். 2025 சம்பியன்ஸ் கிண்ணத்தில மூணு ஆட்டமும் தோல்வி.

நீதியாச் சொல்லணும் எண்டா, 2023ல ஆடின பட்லர், ரூட், ஸ்ரோக்ஸ் எல்லாம் 2021க்கு முந்தியே 50 ஓவர் பழகின ஆக்கள். அந்தத் தோல்வி முழுக்க ஹண்ட்ரட்டால எண்டு சொல்ல ஏலாது. பாதிப்புத் தெரியிறது அவங்களுக்குப் பின்னால வாற வரிசையில. 50 ஓவர் ஆட்டத்தில 11ஆம் ஓவரில இருந்து 40 வரைக்கும், ஆடுகளத்தைச் சுத்திக் கீறின வட்டத்துக்கு வெளிய நாலு களத்தடுப்பாளர்தான் நிக்கலாம். அந்த 30 ஓவரில சுழலுக்கு ஒண்டு ஒண்டா எடுத்து, ஓவருக்கு ஒரு நாலு தேடுறது ஒரு தனித் தொழில். 100 பந்து ஆட்டத்தில அந்தக் கட்டமே கிடையாது. இங்கிலாந்தின்ர இளம் துடுப்பாட்டக்காரன் ஜேக்கப் பெதெலைப் பாருங்க. பெரியவங்கட கிரிக்கெட்டில அவன் அடிச்ச முதல் சதமே 2025 செப்டெம்பரில சவுத்தம்ரனில தென்னாபிரிக்காவுக்கு எதிரா, அதுவும் நாட்டுக்காக ஆடின ஒருநாள் ஆட்டத்தில. கெட்டிக்காரன், அதில சந்தேகமில்ல. ஆனா நாட்டுச் சட்டை போட முதல் நூறு பந்து நிண்டு ஆடிப் பழக அவனுக்கு இடம் எங்க கிடைச்சது?

நாட்காட்டி நெருக்கத்துக்கு இன்னொரு கணக்கு. 2024ல ஹண்ட்ரட் இறுதி ஆட்டம் ஓகஸ்ட் 18, இலங்கையோட முதல் டெஸ்ட் ஓகஸ்ட் 21. இடையில ரெண்டே நாள். டெஸ்டில ஆடுற சிவப்புப் பந்துக்குக் கையைத் திருப்ப அது காணாது. அந்தத் தொடரை அவங்க 2-1 எண்டு வெண்டது உண்மைதான். ஆனா கடைசி டெஸ்டில நம்மட பத்தும் நிசங்க 127 ஆட்டமிழக்காம அடிச்சு ஓவல் மைதானத்தில வைச்சு விட்ட பாடம் அவங்களுக்கு மறந்திருக்காது.

---

முதலாம்_ஸ்லிப் (திருக்கோவில்):

அண்ணன்மார் ரெண்டு பேரும் ஆம்பிளைகள்ட கணக்கைத்தான் பேசிறீங்க. இந்தப் போட்டியால கூட நன்மை வந்தது பெண்கள் கிரிக்கெட்டுக்கு.

2021 யூலை 21, ஓவலில முதல் ஆட்டமே பெண்கள் ஆட்டம்தான். முதல் போட்ட திட்டப்படி பெண்கள் ஆட்டத்தில நிறைய, சின்ன மைதானங்களில தனியா நடக்க இருந்தது. கொரோனாவால பயணத்தைக் குறைக்கணும் எண்டு, ஒரே நாள், ஒரே மைதானம், ஒரே டிக்கெட் எண்டு மாத்தினாங்க. பின்னேர ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தவன் பகலே வந்து பெண்கள் ஆட்டத்தையும் பாத்தான். அந்த வருசம் லோர்ட்ஸில பெண்கள் இறுதிக்கு 17,116 பேர். பிபிசியில இலவசமாக் காட்டினதும் உதவினது. 2005க்குப் பிறகு அங்க காசு கட்டாத வீட்டில நேரடிக் கிரிக்கெட் பாக்கிறதே அருமையாப் போயிருந்தது.

அலிஸ் கப்சி எண்ட பிள்ளைக்கு அப்ப வயசு 16. லோர்ட்ஸில 59 அடிச்சாள், அடுத்த வருசம் இங்கிலாந்து அணியில. ஊதியமும் ஏறினது. 2021ல பெண்களுக்கு ஆகக்கூடினது 15,000 பவுண், 2025ல 65,000. ஆம்பிளைகளுக்கு அதே வருசம் 200,000 எண்டதையும் சேத்துத்தான் வாசிக்கணும். இடைவெளி இன்னும் பெரிசு.

ஆனா இதுவும் ஒரு எல்லைக்குள்ளதான். 2025 தொடக்கத்தில அவுஸ்திரேலியாவில, அவங்களோட ஆடின பெண்கள் ஆஷஸ் தொடரில இங்கிலாந்து 16-0 எண்டு புள்ளியில தோத்தது. ஒரு புள்ளி கூட எடுக்க ஏலாமப் போச்சு. களத்தடுப்பும் உடல் தகுதியும் பிழைச்சது. ஓகஸ்டில நாலு கிழமை சனத்துக்கு முன்னால ஆடினா பயம் போகும், மிச்ச மாதங்களில பயிற்சி இல்லாட்டி பிடி நழுவும்.

உங்கட கேள்விக்கு நேரா மறுமொழி: இந்த நன்மை 100 பந்தால வரல்ல. ஒரே டிக்கெட்டால வந்தது. மட்டக்களப்பில வைக்கிறதெண்டாலும் பொம்பிளப் பிள்ளைகள்ட ஆட்டத்தை வேற மைதானத்தில, காலமை 8 மணிக்கு, பாக்க ஆள் இல்லாத நேரம் தள்ளிப் போடாதீங்க. ஆம்பிளைகள்ட இறுதிக்கு முன்னால, அதே ஆடுகளத்தில வையுங்க. உடுப்பு மாத்த பூட்டுள்ள அறை, தண்ணி உள்ள மலசலகூடம், இது ரெண்டும் இல்லாட்டி பாடசாலைகள் பிள்ளைகளை அனுப்பாது. கேடயம் வாங்க முதல் அதைப் பாருங்க.

---

அக்கரைப்பற்று_ஸ்கோரர்:

வடிவத்தைப் பத்தி நான் சொல்றன், நடத்தப் போற ஆக்களுக்கு இதுதான் தலையிடி.

இனிங்ஸ் 100 பந்து. 10 பந்துக்கு ஒருக்கா முனை மாறும். ஒரு பந்துவீச்சாளர் ஒரே மூச்சில 5 அல்லது 10 போடலாம், மொத்தம் 20க்கு மேல ஏலாது. முதல் 25 பந்துக்கு வட்டத்துக்கு வெளிய ரெண்டு பேர்தான். நோபோலுக்கு 2 ஓட்டம், அடுத்தது ஃப்ரீஹிட். பிடி குடுத்து ஆட்டமிழந்தா, ஓடிக் குறுக்கால கடந்திருந்தாலும் புதுசா வாறவர்தான் பந்தை எதிர்கொள்ளணும். இந்தக் கடைசி விதி நல்லது எண்டு 2022 ஒக்டோபரில, கிரிக்கெட் சட்டங்களை எழுதுற எம்சிசி பொதுச் சட்டத்திலயே சேத்திட்டு. ஹண்ட்ரட்டில பரீட்சித்துப் பாத்ததில உலகக் கிரிக்கெட்டுக்கே மிஞ்சினது அது.

நேரம்: ஹண்ட்ரட்டில ஒரு இனிங்ஸுக்கு 65 நிமிசம். ரெண்டு இனிங்ஸும் இடைவேளையும் சேத்து ரெண்டரை மணித்தியாலம். ரி20க்கு இனிங்ஸ் 85 எண்டு வைச்சா மூணு மணிக்கு மேல போகும். விளக்கில்லாத மைதானத்தில 6 மணிக்கு மேல பந்து கண்ணுக்குத் தெரியாது. அப்ப 3 மணிக்குத் தொடங்கி முடிக்கலாம் எண்டது உண்மையான இலாபம். இங்கிலாந்தில கோடையில இரவு 8 மணிக்கும் வெளிச்சம் இருக்கு, அவங்க நேரத்தைக் குறைச்சது தொலைக்காட்சிக்காக. நமக்குக் காரணம் வேற.

பிழைக்கிற இடங்கள்: ஸ்கோர் புத்தகத்தில ஓவருக்கு 6 பெட்டி. அதில 5 பந்து எழுதி ஒரு பெட்டியை வெறுமையா விட்டா, கூட்டேக்க ஆரோ ஒராள் அதை ஓட்டமில்லாப் பந்தா எண்ணுவார். 5 பெட்டி வைச்சு 20 நிரல் கீறின தாளை முதலே அச்சடிச்சு வையுங்க. 10 பந்து தொடந்து போடுறவருக்கு ரெண்டு நிரல் பக்கத்தில பக்கத்தில. வைட், நோபோல் எண்ணிக்கையில சேராது, அதால நடுவர் கையில பந்து எண்ணுற கருவி கட்டாயம். அங்க முதல் 5 முடிய நடுவர் வெள்ளை அட்டை காட்டுவார். நீங்களும் ஒரு வெள்ளை அட்டையைச் சட்டைப் பைக்குள்ள வைச்சுக் குடுங்க. இல்லாட்டி ஸ்கோரருக்கும் நடுவருக்கும் ரெண்டு கணக்கு வரும்.

இன்னொண்டு, ஓகஸ்டில நமக்குக் கச்சான் காத்து. 10 பந்துக்கும் முனை மாறாட்டி, காத்து முதுகில இருக்கிற பக்கம் வேகப்பந்துக்காரனுக்கு வாசி, எதிர்ப்பக்கம் போடுறவன் ஏழாவது எட்டாவது பந்திலயே களைச்சுப் பந்தைப் பாதியில குத்தத் தொடங்குவான். எதிர்க்காத்துப் பக்கம் சுழல்காரனுக்கு 10, காத்துப் பக்கம் வேகத்துக்கு 5, 5 எண்டு பிரிக்கிற கப்டன் வெல்லுவான். 20 பந்து மட்டுப்பாடு எண்டதால அஞ்சு பந்துவீச்சாளர் கட்டாயம் வேணும். நம்மட கழகங்களில மூணு பேரை வைச்சு ஒப்பேத்துறதுதான் வழக்கம், 100 பந்தில அது இழுபடும்.

---

கல்லடி_வடக்குமுனை:

எல்லாருக்கும் நன்றி. அப்ப இங்கிலாந்துக்கு வந்த நட்டம் 100 பந்தாலயும் இல்ல, ஓகஸ்டில 50 ஓவர் போட்டி நடக்கிற அதே நேரத்தில அதைக் கொண்டுவந்து வைச்சதால எண்டு எடுக்கலாமா?

---

இடதுகைச்_சுழல் (ஏறாவூர்):

ஓம் தம்பி, கிட்டத்தட்ட அதுதான். அங்க ஏற்கெனவே 2003ல இருந்து 18 கவுண்டியும் ஆடுற ரி20 போட்டி இருந்தது. அதைத் திருத்தாம இன்னொண்டைப் பக்கத்தில வைச்சதால நாலு போட்டி ஒரே பருவத்துக்குள்ள முட்டுப்படுது. அந்த ரி20க்கே 2024லயும் 2025லயும் பிரிவு ஆட்டங்கள் யூலையில முடிய, கால் இறுதி செப்டெம்பரிலதான் நடந்தது. இடையில ஒரு மாதத்துக்கு மேல வெறும்.

உங்களுக்கு அந்த நெருக்கடி இல்ல. மாரி மழை முடிஞ்சு மாசியில இருந்து மைதானம் காயும். 50 ஓவரை ஓகஸ்டில அப்படியே விடுங்க, வயசு 19க்குக் கீழ ஆக்குறைஞ்சது மூணு பேர் அணிக்குள்ள எண்டு விதி போடுங்க. 100 பந்தை ஏப்ரல் விடுமுறையில, ரெண்டு சனி ஞாயிறுக்குள்ள, 8 அணியோட முடியுங்க. நேரடி வெளியேற்றம் எண்டா 7 ஆட்டம்தான், ஒரு நாளைக்கு ரெண்டு வைச்சா நாலு நாள் காணும். நாலாவது நாள் ஆண்கள் இறுதி மட்டும்தான் மிஞ்சும், தங்கச்சி கேட்ட பெண்கள் இறுதியை அதே நாள் பகல் 12.15க்கு வைக்கலாம், ஆண்களை 3 மணிக்கு இறக்கலாம். ஸ்கோர் தாள் அக்கரைப்பற்று அண்ணன்ட்ட கேட்டு எடுங்க, கழகத்துக்கு ரெண்டு பிரதி வீதம்.