ஆய்வு முன்மொழிவு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது, எங்கே தவறுகிறேன்?

ஏழாம்_பருவம் கேட்கிறார்:

டில்லியில் சமூகவியல் நான்காம் ஆண்டு படிக்கிறேன். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காட்டைத் தாண்டியதால் ஆய்வுப் பிரிவில் இடம் கிடைத்தது. அந்த மகிழ்ச்சி, முன்மொழிவு எழுத உட்கார்ந்த அன்றே போய்விட்டது.

என் தலைப்பு "டில்லித் தமிழர்களின் இடப்பெயர்வும் அடையாளச் சிக்கலும்". ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராஸி கேம்ப்பை வைத்துத்தான் யோசித்தேன். பாராபுலா வாய்க்கால் ஓரம் இருந்த சுமார் 370 வீடுகளை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள் அல்லவா, அங்கிருந்துதான் எங்கள் வீட்டுக்கு ஓர் அக்கா வேலைக்கு வருவார். விழுப்புரம் பக்கத்துக்காரர். இடிப்பதற்கு முந்தின நாள் மகளின் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். "இங்கேயே இருக்கட்டும் பாப்பா, நனைந்துவிடும்" என்றார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முதல் முறை என் வழிகாட்டி "இது கட்டுரை" என்றார். இரண்டாம் முறை "கேள்வி எங்கே?" என்றார். இந்த முறை எதுவும் சொல்லவில்லை. தலைப்பின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். நகரமயமாதல், உலகமயமாதல், பண்பாட்டு இழப்பு எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நூறு வீடுகளில் நேர்காணல் செய்வதாகவும் சொல்லியிருக்கிறேன். பத்து நாளில் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

முனீர்க்கா_மாடியறை:

தங்கச்சி, "அடையாளச் சிக்கல்" என்பதை எடுத்துவிடு. சிக்கல் இருக்கிறது என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால், பிறகு, கேம்ப் மக்களில் சிலருக்கு மாற்று வீடு ஒதுக்கிய நரேலாவுக்குப் போய் என்ன கண்டுபிடிப்பாய்? உன் கேள்விக்கு "இல்லை" என்றும் விடை வர இடம் இருக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு நான் எழுதிய முதல் முன்மொழிவும் இதே கதைதான்.

முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் பகுதிக்கு இருபது கட்டுரைகளை அடுக்காதே. டில்லியில் 2004-இல் யமுனா புஷ்தாவிலிருந்து பவானாவுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றியும், சென்னையில் கண்ணகி நகரைப் பற்றியும் நிறைய ஆய்வுகள் உண்டு. சோத்கங்கா தளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். நல்லதாக ஐந்து எடு. ஒவ்வொன்றும் யாரிடம் என்ன கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது என்று இரண்டிரண்டு வரி எழுது. விட்டது எதுவோ அங்கேதான் உன் இடம்.

அப்புறம், உன் கேள்வி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. கவனிக்கவில்லையா?

கரோல்பாக்_பெரியவர்:

அம்மா, நான் பேராசிரியர் அல்ல. அரசின் மாதிரிக் கணக்கெடுப்பில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவன். முன்மொழிவு எழுத எனக்குத் தெரியாது. அதில் எழுதியதை யாரோ ஒருவர் வெயிலில் போய்ச் செய்தாக வேண்டும் என்பது மட்டும் தெரியும். இங்கே அந்த யாரோ நீங்களேதான்.

நூறு வீடு என்கிறீர்கள். கணக்குப் போடுவோம். ஜங்புராவில் மெட்ரோ ஏறி, மத்தியச் செயலகத்தில் மஞ்சள் தடத்துக்கு மாறி, சமய்பூர் பாத்லியில் இறங்கி, அங்கிருந்து நரேலாவுக்கு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். வகுப்பு இருப்பதால் உங்களுக்குச் சனிக்கிழமைதான். எட்டாம் பருவத்தில் பதினாறு சனிக்கிழமைகள் இருக்கும். பொங்கல், தேர்வு, ஜனவரி மூடுபனி எல்லாம் போகப் பன்னிரண்டு தேறும். ஒரு நாளைக்கு உருப்படியாக இரண்டு வீட்டில் பேசலாம். மூன்றாவது வீட்டில் கேட்கிறவருக்கே கொட்டாவி வந்துவிடும். ஆக 24 வீடு. தயங்காமல் 24 என்றே எழுதுங்கள், இந்தக் கணக்கையும் கீழே எழுதுங்கள். நூறு என்று பார்த்ததும் நீங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று உங்கள் வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

எந்த நேரத்துக்குப் போவது என்பதும் முக்கியம். ஒரு முறை நண்பகலில் ஒரு குடியிருப்புக்குப் போனேன், தெருவே வேலைக்குப் போயிருந்தது. படிவத்தில் "பூட்டிய வீடு" என்று பதினொரு தடவை எழுதிக்கொண்டு திரும்பினேன். மேலதிகாரி சிரிக்கவில்லை. முதல் சனிக்கிழமை கேள்வி எதுவும் கேட்காமல் சும்மா போய்வாருங்கள்.

மாத வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சரியான பதில் வராது, என்னைக் கேட்டாலும் வராது. போன வாரம் எத்தனை வீட்டில் வேலை பார்த்தீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். டில்லி அரசின் டிடிசி பஸ்ஸில் டில்லிப் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே செலவை மட்டும் கேட்டால் இடம் மாறியதில் ஒன்றும் குறையவில்லை என்பது போலத் தோன்றும். போகிறது நேரம்தான்.

ஏழாம்_பருவம்:

ஐயா, நூறு என்பதைக் கூச்சத்தோடு அடித்துவிட்டேன். அக்கா, ஃபிரிட்ஜை இப்போதுதான் பார்த்தேன். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் கேம்ப் பிள்ளைகள் போனது லோதி எஸ்டேட் பள்ளிக்கு. நரேலாவில் கழகத்துக்குப் பள்ளி இல்லை. எனவே புதிய கேள்வி இது:

"மதராஸி கேம்ப்பிலிருந்து நரேலாவுக்குச் சென்ற குடும்பங்களில், பள்ளியில் தமிழ் படித்துவந்த பிள்ளைகள் அதைத் தொடர்கிறார்களா? தொடர்வதையும் விடுவதையும் எது தீர்மானிக்கிறது: தொலைவா, செலவா, தாயின் வேலை நேரமா?"

முனீர்க்கா_மாடியறை:

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. நரேலாவில் மட்டும் கேட்டால் வீடு ஒதுக்கப்பட்டவர்கள்தான் உனக்குக் கிடைப்பார்கள். ஒதுக்கீடு கிடைக்காமல் அக்கம்பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியவர்கள், ஊருக்கே திரும்பியவர்கள் இவர்களின் பிள்ளைகள் உன் கணக்கில் வரவே மாட்டார்கள். 24 வீட்டில் பன்னிரண்டை நரேலாவிலும் பன்னிரண்டை ஜங்புரா, போகல் பக்கமும் வை. ஊர் போனவர்களை உன்னால் எட்ட முடியாது. அதை "ஆய்வின் எல்லை" என்ற தலைப்பில் நேராகச் சொல்லிவிடு. மழுப்பினால்தான் கேள்வி வரும். ஜங்புரா பக்கத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு மெட்ரோவில் இரண்டு மணி நேரம் ஆகாது, பெரியவரின் கணக்கிலும் கொஞ்சம் மிச்சமாகும்.

கரோல்பாக்_பெரியவர்:

முனீர்க்காக்காரர் சொல்வது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கப் போகிறீர்களா? வீடு கிடைக்காதவர்களிடம் பேனாவை நீட்டினால் புதிய பட்டியல் எடுக்க வந்திருப்பதாக நினைப்பார்கள். மறுநாள் இன்னும் பத்துப் பேர் வந்து தங்கள் பெயரையும் எழுதச் சொல்வார்கள். எனக்கு நடந்திருக்கிறது. வாய்மொழி ஒப்புதல் போதும் என்று காரணத்தோடு முன்மொழிவில் கேளுங்கள். பெயரும் வீட்டு எண்ணும் குறிக்காதீர்கள். பிள்ளைகளிடம் பேசும்போது தாயோ தகப்பனோ கூட இருக்கட்டும்.

ஏழாம்_பருவம்:

இன்று கொடுத்தேன். இரண்டரைப் பக்கம்தான் வந்தது. "வாய்மொழி ஒப்புதல் ஏன்?" என்று வழிகாட்டி கேட்டார், ஐயா சொன்னதைச் சொன்னேன். பென்சிலை எடுத்துப் பயண நாட்களை மட்டும் பன்னிரண்டிலிருந்து பத்தாகத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் சனிக்கிழமை சும்மாதான் போகிறேன், புத்தகத்தை எடுத்துக்கொண்டு.