அட்டைப்படம் உருவான கதை: கடைசி 2 பக்கத்தில் எதைப் போடலாம்?

மைப்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. சொந்த வெளியீடாக ஒரு காமிக்ஸ் இதழ் தயாராகிறது. உள்ளே 32 பக்கம் கறுப்பு வெள்ளை, தனி அட்டை வண்ணத்தில், நடுவில் பின் அடிக்கும் கட்டு. 31, 32ஆம் பக்கங்கள் காலி. அட்டைப்படம் உருவான கதையை அங்கே இரட்டைப் பக்கமாகப் போட எண்ணம். கைவசம் உள்ளவை: 5 செ.மீ. உயரத்தில் 6 தம்ப்நெயில் (சின்ன முன்னோட்ட வரைவு), மை போட்ட அசல் போர்டு (ஓவியம் வரைந்த அட்டை), லேயர்களோடு வண்ணக் கோப்பு. பென்சில் நிலை தனியாக ஸ்கேன் ஆகவில்லை. வெளிர்நீலப் பென்சிலின் மேலேயே மை ஏறியிருக்கிறது.

எல்லாக் கட்டத்தையும் வரிசையாகக் காட்டுவதா? பென்சில் நிலையை மீட்க வழி உண்டா? வண்ண அட்டை கறுப்பு வெள்ளையில் எடுபடுமா?

கோட்டுருவம்:
தம்ப்நெயில், பென்சில், மை, வண்ணம் என்று நாலு கட்டம் போட்டு நடுவில் அம்புக்குறி வைக்க வேண்டாம். அந்த வரிசை எல்லா அட்டைக்கும் பொது. உங்கள் அட்டைக்கே உரிய கதை, ஆறில் ஐந்து ஏன் கழிந்தன என்பதில்தான் இருக்கிறது.

ஆறையும் போட்டால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். மூன்று போதும்: தேர்வானது, கடைசிவரை அதோடு போட்டியிட்டது, முற்றிலும் வேறு திசையில் போனது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு காரணம் எழுதுங்கள். ஆனால் அது கண்ணால் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். ‘அவ்வளவாகப் பிடிக்கவில்லை’ என்றால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. ‘தலைப்பு எழுத்தை வைத்தால் நாயகியின் நெற்றி மறைகிறது’, ‘150 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் உருவமும் பின்னணியும் ஒரே அடர்த்தியில் கலந்துவிடுகின்றன’, ‘கதையின் முடிச்சு அட்டையிலேயே அவிழ்ந்துவிடுகிறது’ என்கிற மாதிரி இருந்தால், அவர் உடனே படத்துக்குத் திரும்பிப்போய்ப் பார்ப்பார். இதழின் கடைசியில் வருவதால் முடிச்சைப் பற்றித் தயங்காமல் பேசலாம்.

இன்னொன்று, போர்டில் நீலக்கோடு ஓரிடத்திலும் மைக்கோடு வேறிடத்திலும் போகும் பகுதியைத் தேடுங்கள். கை தாழ்ந்திருந்து உயர்ந்திருக்கும், அல்லது தலை திரும்பியிருக்கும். அந்த ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாகப் போட்டால் முழுப் போர்டைவிட அதிகம் சொல்லும். மொத்த உரை 250 சொல்லுக்குள் நிற்கட்டும். மையிட்டவர், வண்ணம் தீட்டியவர், லோகோ அமைத்தவர் தனித்தனி ஆட்கள் என்றால் அவர்களின் பெயரைப் போட்டு, வெளிவராத ஓவியங்களை அச்சிட முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

தாள்விளிம்பு:
வெளிர்நீலம் என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒரே ஸ்கேனில் இரண்டு நிலையையும் பிரிக்கலாம்.

போர்டை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணமாக ஸ்கேன் செய்யுங்கள், கிரேஸ்கேல் கூடாது. ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தையும் பின்னணி நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளிர்நீலத்தை அழுக்கு என்று நினைத்து அதுவே துடைத்துவிடும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் நிறத் தகவலைச் சுருக்குவதால் மெல்லிய நீலக்கோடுகள் கசங்கும்.

பிறகு பட மென்பொருளில் சேனல்களை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்று படம் பிரிந்திருக்கும் மூன்று நிறப் பகுதிகளை, தனித்தனியாகத் திறந்து பாருங்கள். நீலச் சேனலில் நீலப் பென்சில் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், மை மட்டும் நிற்கும். சிவப்புச் சேனலில் மை கறுப்பாகவும் பென்சில் சாம்பலாகவும் இரண்டும் தெரியும், ஏனென்றால் வெளிர்நீலம் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. பென்சில் மட்டும் வேண்டுமானால் சிவப்புச் சேனலை அடியில் வைத்து, நீலச் சேனலைத் தலைகீழாக்கி (கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி) மேலே ஸ்கிரீன் மோடில் (அடியில் உள்ளதை வெளிறவைக்கும் கலப்பு முறை) வையுங்கள். மை வெள்ளையாகிப் பென்சில் மிஞ்சும். மைக்கு அடியில் இருந்த பென்சில் திரும்பி வராது. கோடுகளில் இடைவெளி விழும். அதை மேலே வரைந்து நிரப்பாதீர்கள். புதிதாக வரைந்ததைப் ‘பென்சில் நிலை’ என்று அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

தாள் மஞ்சளேறியிருந்தால் நீலச் சேனல் மங்கலாக வரும். மென்பொருளில் இருள்-ஒளி அளவை மாற்றும் லெவல்ஸில் வெள்ளைப் புள்ளியைத் தாளின் நிறத்துக்கு இழுத்தால் சரியாகும்.

தம்ப்நெயில்களை 10 செ.மீ. உயரத்துக்கு அச்சிடுவதென்றால் இரு மடங்கு பெருக்கம். 600-இல் ஸ்கேன் செய்தால் அச்சில் 300 நிற்கும்.

அச்சுமுகம்:
முதலில் பக்க எண்ணைக் கவனியுங்கள். 31 வலப்பக்கம், 32 அதன் முதுகு. இரண்டும் எதிரெதிரே வராது. இரட்டைப் பக்கம் வேண்டுமானால் கதையை ஒரு பக்கம் தள்ளி 30-31ஐ எடுங்கள், அல்லது 32ஐயும் பின்னட்டையின் உட்புறத்தையும் சேருங்கள்.

என் வாக்கு இரண்டாவதற்குத்தான். அட்டைத் தாளை இருபுறமும் வண்ணத்தில் அச்சிட்டால் உட்புறத்தில் வண்ணக் கட்டம் இயல்பான நிறத்தில் வரும். 32இல் தம்ப்நெயிலும் பென்சிலும், எதிரே வண்ணம். ஆனால் ஒரே படத்தை இரண்டிலும் பரப்ப வேண்டாம். தாள் வேறு, அச்சு வேறு, கோடுகள் நடுவில் பொருந்தாது.

வண்ண அட்டையை அப்படியே கிரே ஆக்கினால், ஒரே அடர்த்தியுள்ள சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி உருவம் பின்னணியில் மூழ்கிவிடும். வண்ணத்துக்கு வழியில்லாவிட்டால் இருள்-ஒளிப் பிரிவை மட்டும் மூன்று தொனியில் காட்டும் கட்டத்தைப் போடுங்கள்.

பூச்சில்லாத தாளில் மை பரவும். 50 சதவீதச் சாம்பல் ஏறக்குறைய 70 போல அச்சாகும். 5-க்குக் கீழே உள்ளவை காணாமல் போகலாம். ஆகவே பென்சிலின் மிக மெல்லிய தொனியை 10-க்கு ஏற்றி, நடுத்தொனியை வெளிறவைத்து, தாள் பின்னணியைச் சுத்தமான வெள்ளையாக்குங்கள். மை நிலையை மட்டும் 1200 டிபிஐ பிட்மேப்பாக (சாம்பல் இல்லாமல் கறுப்பும் வெள்ளையும் மட்டும் உள்ள கோப்பு) கொடுத்தால் விளிம்பு கூர்மையாக வரும்.

உட்புற வண்ணத்துக்குப் பணம் போதாதென்றால் ஒட்டுப்படமும் ஒரு வழி. பிரான்சுவாஸ் மூலியும் ஆர்ட் ஸ்பீகல்மனும் நியூயார்க்கில் 1980-இல் சொந்தமாகத் தொடங்கிய ‘ரா’ காமிக்ஸ் இதழின் முதல் எண்ணில், கறுப்பு வெள்ளை அட்டைமேல் தனியே அச்சிட்ட சின்ன வண்ணப்படத்தைக் கையால் ஒட்டினார்கள். 1985-இல் வந்த 7ஆம் எண்ணில் ஒவ்வொரு பிரதியின் அட்டை மூலையையும் கையால் கிழித்தார்கள். அந்த அட்டைகள் உருவான விதம் வாசகர் கையிலேயே இருக்கிறது.

மைப்பெட்டி:
மிக்க நன்றி. 32 + உட்புறம் என்று மாற்றிவிடுகிறேன். சேனல் பிரிப்பும் வேலை செய்கிறது. ஆனால் நாயகியின் இடக்கை இருந்த இடத்தில் பென்சிலை ரப்பரால் அழித்தாகிவிட்டது. அங்கே எதுவும் வரவில்லை.

தாள்விளிம்பு:
நிறம் போயிருந்தாலும் அழுத்தி வரைந்திருந்தால் பள்ளம் இருக்கும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு விளக்கைப் போர்டின் பக்கவாட்டில் தாளோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக வையுங்கள். கேமராவை நேர் மேலே ஸ்டாண்டில் நிறுத்துங்கள். விளக்கை இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கம் மாற்றி நான்கு படம் எடுங்கள். வெளிச்சம் வரும் திசைக்குக் குறுக்கே ஓடும் பள்ளம்தான் தெளிவாக விழும், அதனால் ஒரு திசை போதாது. எது நன்றாக வருகிறதோ அதிலிருந்து கை இருந்த இடத்தை மட்டும் 4 செ.மீ. சதுரமாக வெட்டி, இப்போதுள்ள மைக்கையின் பக்கத்தில் அதே அளவில் வையுங்கள். முழுப் போர்டையும் அப்படிப் போட்டால் தாளின் இழைதான் மேலோங்கித் தெரியும்.